சங்கரா மீனும் மடங்காத விரல்களும்

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பிப்ரவரி மாதம், பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே என் மனைவி ஸ்கூட்டரோடு விழுந்துவிட்டாள். நாய் குறுக்கே வந்ததாம். ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது. வலது மணிக்கட்டு உடைந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். போர்டில் எழுதாமல் அவளுக்குப் பாடம் நடத்த வராது.

நான் ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். எதைப் பார்த்தாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தாக வேண்டும் எனக்கு. ஆபரேஷன் செய்து தகடு வைத்த டாக்டரையும் விடவில்லை. அது என்ன உலோகம், ஸ்க்ரூ லூஸ் ஆகாதா, மழைக்காலத்தில் வலிக்குமா என்று குடைந்து எடுத்தேன். அவரும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

கட்டுப் பிரித்த அன்று எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, எலும்பு அருமையாகச் சேர்ந்துவிட்டது என்றார் டாக்டர். சந்தோஷமாகக் கிளம்பினோம். ஆட்டோவில் ஏறும்போது பார்த்தால், கம்பியைப் பிடிக்க அவளுக்கு விரல் மடங்கவில்லை. எனக்கு ஒரே குழப்பம். உடைந்த பாகத்தைச் சரிசெய்தால் இயந்திரம் ஓட வேண்டும். இங்கே பாகமெல்லாம் சரியாக இருக்கிறது, ஓட மாட்டேன் என்கிறதே.

பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். தெரபிஸ்ட் ஒரு கன்னடப் பெண், சின்ன வயது, தமிழ் நன்றாகவே பேசினாள். கையைச் சூடான மெழுகில் முக்குவது, களிமண் மாதிரி ஒன்றைப் பிசையச் சொல்வது, துணி மாட்டும் கிளிப்பை அழுத்தச் சொல்வது. ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. இது என்ன வைத்தியம் என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. கட்டுக்குள் அசையாமல் கிடந்ததில் தசைநார்கள் இறுகிவிட்டன, பயமும் சேர்ந்து பிடித்துக்கொண்டிருக்கிறது என்றாள் அந்தப் பெண். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடவே மாட்டேன் என்றன.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது வந்துவிட முடியுமா என்று தலைமை ஆசிரியை இரண்டு தடவை போன் செய்துவிட்டார். என் மனைவி இரண்டு தடவையும் போனை என்னிடம் நீட்டிவிட்டாள். சர்ச்சில் யாராவது ஸ்தோத்திரம் சொல்லிக் கை நீட்டினால் வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு இடது கையைக் கொடுத்தாள்.

நான் மட்டும் குறை வைக்கவில்லை. தலை பின்னிவிடக் கற்றுக்கொண்டேன். சோற்றைப் பிசைந்து ஸ்பூன் போட்டுக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு என்றால் முள் ஒன்று விடாமல் எடுத்து அவள் தட்டில் வைத்தேன். சர்ச்சில் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். தலைகால் புரியவில்லை எனக்கு. அந்தப் பெருமையை ஒருநாள் தெரபிஸ்டிடமும் அளந்துவிட்டேன்.

அவள் மெழுகை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "மேடம், அந்தக் கையால சாப்பிட்டு எவ்ளோ நாள் ஆச்சு?" என்று கேட்டாள். வழக்கம்போல நான் பதில் சொல்ல வாயெடுத்தேன்.

"சார், ஸ்வல்ப இருங்க. மேடம் சொல்லட்டும்."

என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கட்டு பிரிச்சதுல இருந்து சாப்பிடவே இல்ல. சோறு சிந்தும். இவரு முன்னாடி சிந்துறதுக்கு ஒரு மாதிரி இருக்கு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடம் கூட வாழ்ந்தவன் முன்னால் கூச்சமா? தகடு என்ன உலோகம் என்று கேட்ட நான் இவளை ஒன்றுமே கேட்கவில்லையே என்று வருத்தமாக இருந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்பூன் வேண்டாம், மீனில் முள்ளும் எடுக்க வேண்டாம், அந்தக் கையாலேயே சாப்பிடட்டும் என்றாள் தெரபிஸ்ட். பிறகு என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கும் ஒரு எக்ஸர்சைஸ் இருக்கு சார். மேடம் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சுக்கணும்." நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஞாயிறு சர்ச் முடிந்து வந்து உட்கார்ந்தோம். சங்கரா மீன் குழம்பு. தெரபிஸ்ட் சொன்னபடியே நான் கைமேல் உட்கார்ந்துகொண்டேன். அவள் விரலிடுக்கில் சோறு வழிந்தது, குழம்பு முழங்கை வரை ஓடியது. மீன் துண்டு நழுவி நழுவிப் போனது. அவள் கண் கலங்கிவிட்டது. பொறுக்க முடியாமல் கையை வெளியே இழுத்தேன்.

"கைய உள்ள வைங்க."

வகுப்பில் பேசும் குரல். அதைக் கேட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது. வைத்துவிட்டேன்.

அவள் மீனை மற்ற விரல்களால் அழுத்திக்கொண்டு, கட்டைவிரல் நுனியால் தடவித் தடவி நடுமுள்ளைப் பிரித்தாள். சதையைக் கிள்ளி வாயில் வைத்தாள். மெல்லும்போது சின்ன முள் ஒன்று நாக்கில் தட்டுப்பட்டது போலிருக்கிறது. யோசிக்காமல் கையை வாய்க்குக் கொண்டுபோய் அதை எடுத்தாள். எடுத்த பிறகுதான் பார்த்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து அந்த முள்ளைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"குத்துறது தெரியுதுங்க," என்றாள்.

குழம்பு ஆறிப்போய்விட்டது. அவள் தட்டைக் காலி செய்தபோது என் இரண்டு கையும் மரத்துப்போயிருந்தன. அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

மறுநாளே கை சரியாகிவிடவில்லை. சோறும் மீனும் சப்பாத்தி மாவுமாக வாரக்கணக்கில் போனது. ஜூனில் பள்ளிக்கூடம் போனாள். போர்டில் எழுத்து கொஞ்சம் சாய்ந்து விழுகிறதாம், பிள்ளைகள் பழகிக்கொண்டார்கள். மணிக்கட்டு இன்றைக்கும் முழுதாகத் திரும்பாது.

கடைசி நாளன்று தெரபிஸ்டிடம் என் பழைய சந்தேகத்தைக் கேட்டேன். ஆபரேஷனும் சிகிச்சைதான், இதுவும் சிகிச்சைதான், என்ன வித்தியாசம்? அவள் மெழுகை மூடி வைத்துக்கொண்டே சொன்னாள். "அதுக்கு மேடம் தூங்கிட்டு இருந்தா போதும் சார். இதுக்கு முழிச்சிருக்கணும்."

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை மீன் வைத்தால் என் கை அவள் தட்டுப் பக்கம் தானாகப் போகிறது. அவள் ஒரு பார்வை பார்ப்பாள், நான் இழுத்துக்கொள்வேன். அவளுக்குக் கொடுத்த சிகிச்சை முடிந்துவிட்டது, எனக்குக் கொடுத்தது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.