பாடம் முடியட்டும் என்றிருந்த பெர்னடெட்

யாழ்ப்பாணத்துக் குருநகரில் கல்லெறிந்தால் அது ஒரு பெர்னடெட்டின் மேல்தான் விழும். ஆனால் "பிரெஞ்சு பெர்னடெட்" என்று கேட்டால், முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருக்கும் சந்தியோகுவின் வீட்டைத்தான் காட்டுவார்கள். அவருடைய மூத்த மகள். முப்பது வயது. பாரிசில் இருக்கும் செபநாயகத்துக்குப் பேசி, மோதிரமும் போட்டு வைத்த பெண். மோதிரத்தைப் போட்டுவிட்டவர் செபநாயகத்தின் தாயார். மாப்பிள்ளை, தாயார் கொண்டுவந்து மேசையில் வைத்த படச்சட்டத்துக்குள் இருந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"பிரெஞ்சு படிச்சுக்கொண்டு வந்தால் நல்லது" என்று அந்த மாப்பிள்ளை ஒரு சொல் சொல்லிவிட்டார். சொன்னவர் பாரிசில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் 'ஓம்', 'இல்லை', 'கொதிக்குது' என்ற மூன்று சொல்லோடு காலம் தள்ளிக்கொண்டிருந்தார். பெர்னடெட் அப்படியான ஆள் இல்லை. சொன்னால் சொன்னதுதான். கன்னியர் மடத்துச் சிஸ்டர் ஒருவரிடம் படிக்கத் தொடங்கினாள். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையோடு சிஸ்டர் கொழும்புக்குப் போய்விட, வகுப்பு இவள் தலையில் வந்தது.

கோயில் மண்டபத்தில் பின்னேர வகுப்பு. சோக்கு கிடைக்காத காலம். ஓட்டுத் துண்டால் சீமெந்து நிலத்தில் எழுதி, மாணவிகளைச் சுற்றிவர இருத்தினாள். எதிர்ப்பக்கம் இருந்தவர்கள் பிரெஞ்சைத் தலைகீழாகவே படித்தார்கள். எல்லோருக்கும் பாரிசில் ஒரு மாப்பிள்ளையோ மச்சானோ இருந்தான். யாருக்கும் வினைச்சொல் வேண்டியிருக்கவில்லை. "கடையிலை பாண் வேணும் எண்டு எப்பிடிக் கேக்கிறது, ரீச்சர்?" என்பார்கள். பெர்னடெட் பாண் கொடுக்க மாட்டாள். நிகழ்காலம் முடியாமல் இறந்தகாலம் இல்லை; இறந்தகாலம் முடியாமல் எதிர்காலம் இல்லை. எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஒன்று இருந்தது: ஒரு காரியம் நடக்கும் முன்னமே இன்னொன்று நடந்து முடிந்திருக்கும் என்று சொல்கிற காலம். நான் போயிருப்பேன், நீ போயிருப்பாய் என்கிற வகை. அதைப் படிப்பித்து முடித்தால்தான் தன் கடமை தீரும் என்று அவள் நினைத்தாள்.

அந்த வகுப்பில் கெட்டிக்காரி என்று யாரும் சொல்லாத ஒருத்தி பத்மாசினி. உரும்பிராயிலிருந்து சைக்கிளில் வருவாள். தோட்டக்கார வீட்டுப் பிள்ளை. தகப்பன் இல்லை, தாய் சின்னாச்சி மட்டும். வினைச்சொல்லைக் கண்டால் பத்மாசினிக்குக் கொட்டாவி வரும். ஆனால் சிரிக்க வைப்பாள். வகுப்பு முடிந்ததும் இரண்டு பேரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு கடற்கரை வரை கதைத்தபடி போவார்கள். அங்கே 'ரீச்சர்' போய் 'அக்கா' ஆகிவிடும்.

தொண்ணூற்றிரண்டில் குடாநாட்டை விட்டு வெளியே போவதற்கு இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸ் எடுக்க ஒரு பிணையாள் வேண்டும். போனவர் சொன்ன தவணைக்குள் திரும்பாவிட்டால், பிணை நின்றவர் பிறகு படலையைத் தாண்டலாம், கிளாலிக்குப் போகும் வழியில் நாவற்குழிப் பாலத்தைத் தாண்ட முடியாது. ஆகவே ஊரில் பெண் கேட்பதை விடப் பிணை கேட்பது சங்கடமான காரியமாக இருந்தது.

பத்மாசினி கடற்கரையில் வைத்துத்தான் கேட்டாள்.

"அக்கா, எனக்கு நீங்கள் பிணை நில்லுங்கோ. கண் காட்டக் கொழும்புக்குப் போட்டு ஒரு மாசத்திலை வந்திடுவன். பிறகு நீங்கள் போங்கோ, நான் நிக்கிறன்."

"உன்ரை கண்ணுக்கு என்ன?"

"பலகையிலை எழுதினது தெரியேல்லை."

"நான் பலகையிலை எழுதிறேல்லையே, நிலத்திலையல்லோ எழுதிறன்."

"பாத்தீங்களே, அதுவும் தெரியேல்லை!"

பெர்னடெட் சிரித்துவிட்டாள். சிரித்தவளுக்கு மறுக்க வாய் வராது. "முதல் நீங்கள் போறதெண்டாலும் சரி அக்கா, நான் நிக்கிறன்" என்றும் பத்மாசினி சொன்னாள். உண்மையாகவே சொன்னாள் போலத்தான் இருந்தது. பெர்னடெட் யோசித்தாள். அந்தக் கடைசிக் காலம் இன்னும் படிப்பித்து முடியவில்லை. "நீ போட்டு வா. எனக்குப் பாடம் முடிக்கக் கிடக்கு" என்றாள்.

அடுத்த நாள் பாஸ் கொடுக்கும் கந்தோரில் போய்க் கையெழுத்து வைத்தாள். பத்மாசினி கிளாலியில் வள்ளம் ஏறினாள்.

மாசம் முடிந்தது. வகுப்பில் அவள் இருந்த இடம் அப்படியே கிடந்தது. இரண்டாம் மாசம் உரும்பிராயிலிருந்து வந்த மாணவி ஒருத்தி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பத்மாக்கா பாரிசுக்குப் போய்ச் சேர்ந்திட்டாவாம், ரீச்சர்."

அன்றைக்குப் பாடம், அந்தக் கடைசிக் காலந்தான். பெர்னடெட் ஓட்டுத் துண்டை எடுத்து எழுத வேண்டியதை எழுதி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

சந்தியோகு ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டு மகளைப் பார்த்தார். "கரைவலைக்கு ரெண்டு கயிறு, பிள்ளை. மற்றக் கயித்தைப் பிடிக்கிறவன் ஆரெண்டு பாக்காமல் கடலுக்கை இறங்கிறேல்லை."

"அவள் அப்பிடிச் செய்வாளெண்டு நினைக்கேல்லை, அப்பா" என்று சொல்லி அவள் அழுதாள்.

இந்த இடத்தில் யாராவது கண் துடைக்க லேஞ்சியை எடுத்திருந்தால் கொஞ்சம் பொறுக்கவும். பெர்னடெட்டுக்கும் கொழும்பில் காட்டவென்று ஒரு பல் வருத்தம் தயாராக இருந்தது. பல்லைக் காட்டப் போகிறவள் தையல் மெசினை ஏன் சித்தியின் மகளுக்குக் கொடுத்தாள் என்று சந்தியோகு கேட்கவில்லை. தன் முறை வந்ததும் போய்விடுவது, பத்மாசினி பிணையில் கிடந்து காய்வது, இதுதான் திட்டம். அந்தப் பாவம் நெஞ்சை அறுத்தபடியால் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குக்கூடப் போனாள். சுவாமியார் கேட்டுவிட்டு, "செய்த பாவத்தைச் சொல்லு பிள்ளை. செய்யப்போறதை இஞ்சை எடுக்கிறேல்லை, செய்துபோட்டு வா" என்று அனுப்பிவிட்டார். ஆக, அவள் அழுததில் பாதி, ஏமாந்ததற்காக. மற்றப் பாதி, தான் முந்தாததற்காக. எந்தப் பாதி பெரிதென்று அவளுக்கே தெரியாது. எனக்குத் தெரியும் என்று நான் சொன்னால் நம்பவேண்டாம்.

ஆனாலும் முயன்று பார்த்தாள். கந்தோருக்குப் போனாள். மேசைக்குப் பின்னால் மீசை அரும்பிய ஒரு தம்பி.

"அக்கா, நீங்கள் பிணை நிண்ட ஆள் வரேல்லை."

"எனக்கும் தெரியும், தம்பி. எனக்கொரு பாஸ் வேணும்."

"எதுக்கு?"

"அவளைக் கூட்டிக்கொண்டு வர."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பிறகு உங்களைக் கூட்டிக்கொண்டு வர ஆர் போறது, அக்கா?"

அதற்குப் பிறகு செபநாயகம் ஆட்கள் மூலம் இரண்டு தரம் கேட்டனுப்பினார். 'எப்ப வாறாய்?' முதல் தரம் அவள் 'கெதியிலை வாறன்' என்றாள். இரண்டாம் தரம் கேட்க வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள்.

ஒருநாள் காலை உரும்பிராயிலிருந்து சின்னாச்சி வந்து இறங்கினாள். கையில் ஒரு பனையோலை உமல் நிறைய ராசவள்ளிக் கிழங்கு. முற்றத்தில் நின்றபடியே தொடங்கினாள்.

"பிள்ளை, கேக்க முகமில்லை. அவளுக்கு அங்கை பாஷைச் சோதினையாம். ஏதோ கடைசிப் பாடமாம், அதுக்குள்ளை இவள் போட்டாளெல்லே. அதை ஒருக்கா எழுதித் தரட்டாம்."

சந்தியோகு வலையை விட்டு எழுந்துவிட்டார். "மனிசி, இதுக்குக் கிழங்கும் வேறையோ?"

"விடுங்கோ அப்பா" என்று பெர்னடெட் உள்ளே போனாள்.

பிழையாக எழுதிக் கொடுக்கத்தான் இருந்தாள். முதல் வரியிலேயே கை மறுத்துவிட்டது. எத்தனையோ பிள்ளைகளின் பிழையைக் காலால் அழித்து அழித்துப் பழகிய பிறவி. சரியாகவே எழுதினாள். ஆனால் ஒரேயொரு வினைச்சொல்லை மட்டுந்தான் எடுத்தாள், திரும்பி வருதல். ஜெ செரே ரெவெனு, நான் திரும்பி வந்திருப்பேன். நீ திரும்பி வந்திருப்பாய். அவள் திரும்பி வந்திருப்பாள். நாங்கள், நீங்கள், அவர்கள், எல்லோரும் வரிசையாகத் திரும்பி வந்திருந்தார்கள், தாளில். மடித்துக் கொடுத்தாள். கிழங்கையும் வாங்கிக்கொண்டாள். நல்ல கிழங்கு.

பத்மாசினி சோதினையில் தேறினாள். தாளில் இருந்த மற்ற விஷயம் அவளுக்கு விளங்கியதோ இல்லையோ, அதைப்பற்றி மூச்சில்லை. தொண்ணூற்றுநாலில் சின்னாச்சி மறுபடி வந்தாள். இந்தமுறை கையில் ஒன்றும் இல்லை. செபநாயகம் அங்கேயே ஒரு பிள்ளையைக் கலியாணம் எழுதிவிட்டான் என்றாள். சொல்லிவிட்டுப் போகாமல் நின்றாள்.

"இன்னும் என்னம்மா?"

"வேறை ஆரும் சொல்லி நீ கேக்கக்கூடாது, பிள்ளை. சாட்சிக் கையெழுத்து எங்கடை பத்மாவாம். அங்கை பாஷை தெரிஞ்ச ஆக்கள் குறைவாம்."

பெர்னடெட் மோதிரத்தைக் கழற்றப் பார்த்தாள். கழலவில்லை. சவர்க்காரம் போட்டுக் கழற்றலாம் என்றால் அப்போது சவர்க்காரத்துக்கும் தட்டுப்பாடு. கடைசியில் தேங்காயெண்ணெய்தான் கைகொடுத்தது. மாமியார் வீட்டில் கொண்டுபோய் அந்தப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, பின்னேரம் வகுப்புக்குப் போனாள்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், ஆமி வருகிறதென்று ஊர் முழுக்க ஒரே பின்னேரத்தில் எழும்பி வெளிக்கிட்டது. சந்தியோகு வலையை விடமாட்டேன் என்று வள்ளத்தில் போய்விட்டார். பெர்னடெட் சைக்கிளை உருட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலத்துச் சனத்துக்குள் நின்றாள். மழை. ஓரடி வைக்க ஒரு யுகம். பாலத்தடியில் அவள் இரண்டு பக்கமும் எட்டி எட்டிப் பார்த்தாள். யாராவது பெயர் கேட்பார்கள், பிணையாள் ஆரென்பார்கள், இதற்கென்று வைத்திருந்த மறுமொழி அவளிடம் இருந்தது. கேட்பதற்கு ஒருவருமில்லை. மூன்று வருஷமாக அவளுக்குப் பூட்டிக் கிடந்த பாதை, மாட்டுக்கும் கோழிக்கும் திறந்து கிடந்தது. சாவகச்சேரி வரை மட்டும்.

பாலத்துச் சுவரோடு சாய்ந்துபோய் ஒரு கிழவி நின்றது. சின்னாச்சி. ஒற்றைப் பொட்டலம், கூட யாருமில்லை. இவளைக் கண்டதும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பெர்னடெட் கொஞ்சத் தூரம் தாண்டிப் போனாள். பிறகு, பின்னால் வந்தவர்கள் ஏச ஏச, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

"ஏறுங்கோ."

கரியரில் ஏற்றி உருட்டினாள். பாலம் முடிந்தது. கிழவி மெல்லக் கேட்டாள்.

"பிள்ளை, உனக்கு எங்களிலை கோவமில்லையோ?"

"இருக்கு" என்றாள் பெர்னடெட். "இறுக்கிப் பிடியுங்கோ, முன்னாலை பள்ளம்."