'போறேன்' என்ற பொத்தான்

திருமணமாகி நாமக்கல்லுக்கு வந்தபோது, வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் பெங்களூர் மேலாளர் ஒரு நிபந்தனையோடுதான் சம்மதித்தார். லாரிகளுக்கான செயலி ஒன்றைச் சோதிப்பது என் பொறுப்பு. அது சொதப்பினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெங்களூருக்கு வந்துவிட வேண்டும். எனக்கோ இங்கிருந்து நகர மனமே இல்லை.

சோதனைகளை நான் ஒவ்வொன்றாக எழுதுவதில்லை. லாரியின் நிலைகளைக் கட்டங்களாகவும், எந்தப் பொத்தான் எங்கே கொண்டுபோகும் என்பதை அம்புகளாகவும் ஒரு மென்பொருளில் வரைந்து கொடுப்பேன். அது எல்லா வழிகளிலும் போய்ப் பார்த்து, தானே சோதனைகளை எழுதி ஓட்டிவிடும். எல்லாம் தேறித் திரை முழுக்கப் பச்சையானதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. போதாக்குறைக்கு, பொத்தான்களுக்கு ஊர்ப் பேச்சிலேயே பெயர் வைத்திருந்தேன். லோடு ஏற்றிப் புறப்படும்போது 'போறேன்', இறக்கும் இடத்தை நெருங்கும்போது 'வாரேன்'. அதை அழுத்தினால் இறக்கும் ஆட்களுக்குச் செய்தி போய்விடும்.

வெள்ளோட்டத்தன்று லாரி முதலாளி போன் செய்தார்.

"முட்டை லாரி இன்னும் நம்ம ஊரையே தாண்டலை சாமி. கிட்ட வந்துட்டுதுன்னு செய்தி போயி, பாலக்காட்டுல எறக்கற ஆளுங்க காத்துட்டு நிக்கறாங்களாமா!"

ஓட்டுநரை அழைத்து, எதை அழுத்தினார் என்று கேட்டேன்.

"வாரேனைத்தானுங்க."

"கெளம்பறப்ப போறேனைத்தானுங்களே அழுத்தோணும்?"

"ஏனுங்க, லோடு ஏத்திட்டுக் கெளம்பறப்ப யாராச்சும் போறேன்னு சொல்லுவாங்களா? நல்லாச் சொன்னீங்க!"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது, என் மேல்தான். நானே வாசல் தாண்டும்போதெல்லாம் 'வாரேன்' என்றுதான் சொல்கிறேன். ஆனால் புறப்படும் கட்டத்திலிருந்து 'வாரேன்' பொத்தானுக்கு அம்பு வரைய எனக்குத் தோன்றவில்லை. நான் வரையாத வழியில் மென்பொருள் எப்படிப் போகும்? அந்த அம்பை வரைந்து ஓட்டினேன், உடனே சிவப்பு. பொத்தான்களைக் 'கெளம்பியாச்சு', 'கிட்ட வந்தாச்சு' என்று மாற்ற வைத்தேன். முறை மாற்றி அழுத்தினால் செயலி ஏற்காதபடியும் செய்யச் சொன்னேன். மறுபடி எல்லாம் பச்சையான பிறகுதான் மேலாளரிடம் பேசத் தைரியம் வந்தது.

கதையைக் கேட்டு அவர் சிரித்தார். "இங்கே இருக்கற யாருக்கும் இது தோணியிருக்காது. நீங்க அங்கே இருந்தது நல்லதாப் போச்சு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "எனக்கும் தோணலையே சார். டிரைவர் சொல்லித்தான் தெரிஞ்சுது" என்றேன். பக்கத்தில் நின்ற கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.



"அப்படின்னா, அந்த ஊர்ப் பேச்சு முழுசாப் பழகற வரைக்கும் அங்கேயே இருங்க" என்றார் மேலாளர்.

பக்கத்துப் பரமத்தி வேலூரில் பிறந்து, இதே பேச்சைப் பேசி வளர்ந்தவள் நான் என்பதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.