மாமாவின் தியேட்டரும் எங்கள் தியேட்டரும்

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சியில் எங்கள் தியேட்டர் முழுக்க ஏலக்காய் மணக்கும். குமுளிக்கு மேலே ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்தவர்கள் ஜீப்புகளில் தொற்றிக்கொண்டு கூடலூருக்கு இறங்கி வருவார்கள். அவர்கள் ரோட்டின் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்பதில்தான் எங்கள் வீட்டின் அந்த வாரத்து நிம்மதி இருந்தது. எதிர்ப்பக்கத் தியேட்டர் அம்மாவின் அண்ணனுடையது.

முதலில் மாமாவும் அப்பாவும் சேர்ந்து கட்டியதுதான் அது. முகப்பில் யார் பெயரை மேலே எழுதுவது என்று தொடங்கிய பேச்சு முற்றி, அப்பா பிரிந்துவந்து நேர் எதிரே தமக்கென்று ஒன்றைக் கட்டினார். மாமா உச்சியில் உருண்டைக் கூரையாய்க் கும்மட்டம் எழுப்பினால், அப்பா முகப்பில் சுதைச் சிங்கங்களை வைப்பார். அவர் பால்கனிக்குத் தேக்கில் படி போட்டால், இவர் தரைக்கு மொசைக் பதிப்பார். ஊரார் இரண்டையும் மாறி மாறி அண்ணாந்து பார்த்தார்கள். அம்மா மட்டும் அண்ணன் வீட்டு வாசலையோ தியேட்டர் வாசலையோ மிதிக்கக் கூடாது.

நான் ஆறாவது படிக்கும்போது மாமா படுக்கையில் விழுந்தார். தங்கச்சியைப் பார்க்க வேண்டுமென்று திரும்பத் திரும்ப ஆளனுப்பினார். அம்மா கேட்டபோது அப்பா, "போறதுன்னா போ. அங்கனயே இருந்துக்க," என்றார். அம்மா போகவில்லை.

மாமா இறந்ததும், அவர் விருப்பப்படி உடலைத் தியேட்டருக்குள், திரைக்குக் கீழே கிடத்தினார்கள். அன்று அம்மா யாரிடமும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். அவள் அழுகை அந்த உயரமான கூரையில் மோதித் திரும்பி வந்தது இன்னும் என் காதில் இருக்கிறது.

வீடு திரும்பியதும் அப்பாவிடம், "எங்க அண்ணன் மொகத்த உசுரோட பாக்க விடல நீங்க. இனி உங்க கொட்டகைக்குள்ள வரமாட்டேன்," என்றாள். வரவேயில்லை.

மாமாவின் தியேட்டர் பூட்டப்பட்ட பிறகு கூட்டமெல்லாம் எங்களிடம்தான் வந்தது. ஆனால் அப்பா அதற்குப் பிறகு சுவருக்குச் சுண்ணாம்புகூட அடிக்கவில்லை. சிங்கங்களின் தாடை உதிர்ந்தபோதும் ஒட்டச் சொல்லவில்லை. டிக்கெட் அறை ஜன்னலில் உட்கார்ந்து இருண்ட எதிர்வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அப்பாவும் போய்விட்டார். எங்கள் தியேட்டர் இருந்த இடத்தில் இன்று வாடகை ஜீப்புகள் நிற்கின்றன. மாமாவுடையதை இடித்துக் கல்யாண மண்டபம் ஆக்கிவிட்டார்கள். கும்மட்டமும் தேக்குப்படியும் போன இடம் தெரியவில்லை. போன மாதம் ஒரு உறவுக்காரர் கல்யாணத்துக்கு அம்மாவை அங்கே அழைத்துப் போனேன். முன்பு திரை இருந்த இடத்தில் இப்போது மேடை; அதற்குக் கீழே குழந்தைகள் ஓடி விளையாடினார்கள். அம்மா எழுந்து போய் ஒரு சிறுமியின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அங்கன ஓடாத, ஆத்தா. எங்க அண்ணன் படுத்திருக்காக."