நல்லெண்ணெய் பூசிய போர்க்கப்பல்

இன்று காலை மருமகள் தோசைக்கல்லைத் தண்ணீரில் ஊறவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். லண்டன் குட்மேய்ஸ் வீட்டுக் குசினி முழுக்க ஈரத் துருவின் மணம். போன் எடுத்து நாலு வார்த்தை சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் அந்த மணம் என்னை நான் முன்பு வேலை செய்த கானிங் டவுனுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் கூட்டித் துடைப்பதில் என்னை ஒருவரும் குறை சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை தவிர. லண்டனில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, லீ ஆறு தேம்ஸில் விழுகிற இடத்துக்குக் கிட்ட, பழைய கப்பல் சாமான்கள் வைத்திருந்த சின்னக் காட்சி அறை ஒன்றைத் துப்புரவாக்குவது. எங்கள் சுப்பவைசர் புஷ்பமக்கா பிடித்துத் தந்தது. வீட்டில் இவர் முதுகு நோவோடு படுத்திருந்த காலம். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

அறையைப் பார்த்துக்கொண்டவர் ஜிம், எழுபது வயது வெள்ளைக்காரர். விக்டோரியா மகாராணி காலத்தில் அந்தக் கரையில் கட்டிய வாரியர் என்ற இரும்புக் கவசப் போர்க்கப்பல்தான் அவருடைய உயிர். கப்பலை ஆற்றில் இறக்குகிற அன்று பனி பிடித்து அது தளத்தோடு உறைந்துவிட்டதாம். வேலையாட்கள் மேல்தட்டில் ஏறி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடி ஆட்டினார்களாம். வருகிறவர்களுக்கு ஜிம் அறைக்குள் ஓடியே காட்டுவார். எனக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை.

அந்தக் கப்பலுக்கென்று செய்து மிஞ்சிய கவசத் தகடு ஒன்று நடுவில் நின்றது. நாலரை அங்குலத் தடிப்பு. கப்பலில் இதற்குப் பின்னால் ஒரு முழத்துக்குத் தேக்கு வைப்பார்களாம். அதில் எத்தனை வீட்டுக்குக் கதவு போடலாம் என்று யோசித்துக்கொண்டே கூட்டுவேன். தகடு முழுக்கத் துரு. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கை ஊறும். முன்னால் ஒரு பலகை. கப்பலின் பெயராக்கும் என்று அதையும் நாள் தவறாமல் துடைத்தேன். ‘தொடாதீர்கள்’ என்று அதில் எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது.

பார்க்க வருகிறவர்களுக்கு அறை பூட்டியிருந்த ஒரு திங்கட்கிழமை, பழப்புளியும் தேங்காய்த் தும்பும் கொண்டுபோய் மூன்று மணி நேரம் தேய்த்தேன். ஈரம் ஒற்றி நல்லெண்ணெய் பூசினேன். தகடு கருநீலமாய் மின்னியது. பெருமையோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் புஷ்பமக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“எடியே, என்னடி செய்து வைச்சிருக்கிறாய்? அது போர்க்கப்பலடி, உன்ரை தோசைக்கல்லில்லை!”

துருவுக்குள் அந்தக் காலத்து வேலையாள் ஒருவர் வெள்ளை மையால் எழுதிய இலக்கம் இருந்ததாம். நான் அதை அழுக்கு என்று தேய்த்திருக்கிறேன். ஜிம் தகட்டை முகர்ந்து பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“கடைசியிலை அந்தக் கப்பலை எண்ணெய் இறக்கிற மிதக்கிற துறையாக் கட்டி வைச்சவையாம். ஐம்பது வருஷம் எண்ணெய்க்குள்ளதான் கிடந்ததாம். உன்ரை நல்லெண்ணெயும் பரவாயில்லையாம்.”

பிறகு குரலைத் தாழ்த்தினார். “தான்தான் தேய்ச்சதெண்டு கொமிற்றிக்குச் சொல்லப் போறாராம். நீ வாயைத் திறவாதை.”

“நான் செய்ததுக்கு அவர் ஏனக்கா பேச்சு வாங்கோணும்?”

“வேலை போனா என்னத்தைத் தின்னப்போறியள்?”

கொமிற்றிக் கூட்டத்தில் ஜிம் தலை குனிந்து அந்தப் பொய்யைச் சொல்லத் தொடங்கியதைக் கதவுக் கண்ணாடியூடாகப் பார்த்தேன். என்னால் பொறுக்க ஏலவில்லை. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், “நோ ஜிம். மீ,” என்றேன்.

வேலை போகவில்லை. லண்டனின் மற்றக் கோடியில் இருக்கிற ஹவுன்ஸ்லோவுக்கு மாற்றினார்கள். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். ஜிம் பஸ் வரும்வரை என்னோடு நின்றார்.

வாரியர் இப்போது போர்ட்ஸ்மவுத்தில் பளபளவென்று நிற்கிறது. அறை இருந்த இடத்தில் கண்ணாடி மாடிகள். தகடு போன இடம் தெரியாது. ஜிம்மைப் பற்றிக் கொம்பியூட்டரில் தேடிப் பார்க்கிறேன் என்று மகள் முழுப் பெயர் கேட்டாள். எனக்காகப் பொய் சொல்ல வந்த மனிதர். ஜிம் என்பதற்கு மேல் நான் ஒன்றும் கேட்டு வைக்கவில்லை.