தெரியாது என்றே எழுதச் சொன்ன அக்கா

சாட்சியச் சட்டம் நூற்றெட்டாம் பிரிவின்படி, ஏழு ஆண்டுகள் தகவலே இல்லாத ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். எங்கள் அக்கா எதையும் நிரூபிக்கவில்லை. மறுக்கவும் இல்லை.

அவிநாசியை அடுத்த தோட்டத்து வீட்டில் பிறந்த அக்கா, பல்லடத்துக்கு வாழ்க்கைப்பட்டார். பிள்ளைகள் இல்லை. தொண்ணூறாம் ஆண்டில் ஒருநாள், தறிக்கு நூல் வாங்கி வருவதாக ஈரோடு பஸ் ஏறிய மாமா திரும்பவேயில்லை. அழுது ஓய்ந்தபின் நான்கு தறிகளையும் அக்காவே நடத்தினார். கரண்ட் எப்போது போகும், நூல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத தொழில். "தெரிஞ்சுக்கிட்டா கண்ணு தறி ஓட்டறோம்?" என்பார்.

ரேஷன் கார்டு படிவத்தை நிரப்பும்போது, கணவர் இருக்கிறாரா, காலமானாரா என்று கேட்டேன்.

"தெரியாதுன்னு எழுது கண்ணு."

"அதுக்குக் கட்டம் இல்லீங்கக்கா."

"போட்டுக்கோ. ஸ்கேல் வெச்சிருக்கறயில்ல?"

ஒரு கல்யாணத்தில் குங்குமத் தட்டோடு வந்த சொந்தக்காரப் பெண் அக்காவின் முன்னால் தயங்கி நின்றாள். "எனக்கே தெரியல, உனக்கெப்படி அம்மணி தெரியும்? கொண்டா இங்கே" என்று தாமே எடுத்து வைத்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை; நான் அரசு அலுவலகக் குமாஸ்தா. முடிக்காத கோப்பு ஒன்று எங்கோ இருக்கிறதென்றால் எனக்கு இருப்புக்கொள்ளாது.

ஏழு ஆண்டுகள் முடிந்த வாரமே, மாமா பெயரிலிருந்த வீட்டுப் பட்டாவை, அவர் இறந்ததாகக் கருதி அக்கா பெயருக்கு மாற்ற மனு எழுதிக்கொண்டு போனேன். கையெழுத்துப் போட மறுத்தார்.

"நாளைக்கு யாராவது வந்து வெளிய போங்கன்னா?"

"அன்னைக்குப் பாத்துக்கலாம். அதுக்கோசரம் இன்னைக்கே அவரைக் கொன்னுபோடச் சொல்றயா?"

அக்காவுக்குச் சொல்லாமல், மாமாவைக் 'கண்டுபிடிக்க இயலவில்லை' என்று சான்று கேட்டு, உரிய அலுவலகத்துக்கு என் பெயரிலேயே மனு அனுப்பினேன். ஐந்து நினைவூட்டல்கள். பதில் இல்லை. சொந்தங்கள் முன்னால் இதை இந்த அஞ்சலியில்தான் ஒப்புக்கொள்கிறேன்.

மஞ்சள் காமாலை ஒரே மாதத்தில் அக்காவைக் கொண்டுபோனது. எடுப்பதற்கு முன், காரியம் செய்ய வந்தவர் என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, பொட்டு வைக்கறதுங்களா, அழிக்கறதுங்களா?"

அங்கே சட்டம் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"தெரியாதுங்க" என்றேன். "வெச்சுடுங்க."

தெரியாததைத் தெரியாததாகவே வைத்துக்கொண்டு ஒருவர் நிம்மதியாக வாழ முடியும் என்று எந்த விதிப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை. அக்காவிடம் இருந்ததைப் பிடிவாதம் என்று நினைத்துவிட்டேன்.

மாறி மாறித் துணையிருந்த பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும், அக்கா படுத்த பிறகும் தறிகளை நிற்கவிடாத தொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. அந்த அலுவலகத்துக்கும் நன்றி. என் மனுவுக்கு, "விசாரணை நிலுவையில் உள்ளது" என்று ஒரே வரி பதில் எழுதியிருந்தார்கள். அக்கா மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டிருக்கக்கூடிய ஒரே அரசுக் காகிதம் அது. வந்து சேர்ந்தது, அவர் போன நாற்பத்தோராம் நாள், சுமங்கலிகள் தாலிச்சரடு மாற்றும் ஆடி பதினெட்டு.