இரண்டும் இடக்கை

சட்டை என்று ஒரு முழுப்பொருள் உலகில் இருப்பது காலர் அக்காவுக்குத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. அவள் வீட்டுக்காரரே தினமும் ஒன்றை மாட்டிக்கொண்டுதான் திரிகிறார். ஆனால் ஆயத்த ஆடை ஆலையில் சேர்ந்த நாள்முதல் அவள் தைத்ததெல்லாம் காலர் மட்டுமே. பக்கத்து மிஷின்காரி சட்டைப்பை தைப்பாள், எதிர் மிஷின்காரி கை தைப்பாள். அதெல்லாம் எங்கே போய்ச் சட்டையாகிறது என்பது பரம ரகசியம்.

“ஊர்ல பாதிப் பேரு கழுத்து உன் கையிலதான் இருக்கு” என்று வீட்டுக்காரர் பெருமைப்படுவார்.

மீதி உடம்புதான் அக்காவை உறுத்தியது. ஆலையில் மாதிரிப் பிரிவு என்று ஒரு சொர்க்கம் இருந்தது. அங்கே இருப்பவர்கள் ஆளுக்கொரு முழுச்சட்டையைத் தாமே வெட்டித் தைப்பார்கள், நடையே தனி. உள்ளே நுழையத் தையல் நிலையத்தின் சான்றிதழ் வேண்டும். நாற்பதைத் தாண்டிய அக்கா, மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தாள்.

தேர்வில் ஒரே துண்டு பூப்போட்ட துணி தருவார்கள்; கூட்டி வந்த ஆளுக்கு அளவெடுத்து முழுக்கைச் சட்டை தைக்க வேண்டும். ஆளாக வந்த வீட்டுக்காரர் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார்.

“வயித்த விடுங்க. சட்டையப் போட்டுக்கிட்டு மூச்சு விட வேணாமா?”

எல்லாம் நன்றாகவே போயிற்று, கையைப் பொருத்தும்வரை. துணியை மடித்துப் போட்டு வெட்டினால் கை ஜோடியாக வரும். அக்காவோ சிக்கனமாக ஒற்றையாய் விரித்து, ஒரே காகித அச்சை ஒரே பக்கமாக இரண்டு முறை வைத்து வெட்டியிருந்தாள். இரண்டும் இடக்கை. திருப்பி வைத்தால் பூ உள்ளே போய்விடும். காலருக்கு இடமும் இல்லை, வலமும் இல்லை. அதனோடே குடித்தனம் நடத்தியவளுக்கு வந்த வினை.

அக்கா தலையில் கை வைக்கவில்லை, கத்தரியில் வைத்தாள். ஒரு கையின் தோள் வளைவை வெட்டி எறிந்தாள். மிச்சத்தில் வலக்கைக்கான வளைவைப் புதிதாக வெட்டினாள். நீளம் பற்றவில்லை. சரி, இரண்டும் அரைக்கை.

“முழுக்கை எங்கக்கா?” என்றாள் அவளைவிட இளையவளான தேர்வாளர்.

“எனக்கு வேர்க்கும் டீச்சர். நான்தான் அரைக்கை கேட்டேன்” என்று வீட்டுக்காரர் முந்தினார்.

“நீங்க சும்மா இருங்க. ரெண்டையும் இடக்கையா வெட்டிட்டேன் டீச்சர். அதான்.”

தேர்வாளர் சட்டையை உள்புறம் திருப்பிப் பார்த்தாள். “தையல்ல பாஸ். வெட்டுறதுல ஃபெயில்.”

“அத மட்டும் மறுபடி எப்ப வைப்பீங்க?”

“அடுத்த மாசம்.”

வழியில் வீட்டுக்காரர் முனகினார். “ஒரு பொய்யில முடிஞ்சிருக்கும்.”

“டீச்சர்கிட்ட சொல்லலாம். துணிகிட்ட என்ன சொல்றது?”

அந்த மாதம் வீட்டுக்கு வந்த செய்தித்தாள் எதுவும் அவர் கைக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. உலக நடப்பை அவர் இரண்டு ஓட்டைகளுக்கு இடையில்தான் படித்தார்: ஒன்று இடக்கை, ஒன்று வலக்கை. மறுதேர்வில் அக்கா தேறினாள்.

மாதிரிப் பிரிவில் அக்கா தைத்த முதல் சட்டையைத் தூக்கிப் பார்த்த மேற்பார்வையாளர், ஆலைப் பழக்கத்தில் கேட்டார்: “இதுல உங்க வேலை எதும்மா?”

“அந்தப் பித்தானத் தவிர எல்லாம் சார்” என்றாள் அக்கா. “பித்தான் கடையில வாங்கினது.”