முந்தானையில் முடிந்த நட்டு

நான் இரண்டாவது முறை உண்டானபோது என் வீட்டுக்காரர் சந்தோஷப்படவில்லை, பயந்தார். எனக்கும் அதே பயம்தான். முதல் பிள்ளை கால் முன்னே வந்து, திருவேங்கடத்துப் பக்கம் கரிசல் சாலையில், மாட்டு வண்டிக்குள்ளேயே பிறந்து, அழாமலே போய்விட்டது. என் அம்மா வீட்டிலிருந்து கிளம்பி, ஆஸ்பத்திரிக்குப் பாதி வழிகூட நாங்கள் போயிருக்கவில்லை. மாடுகளைக் குற்றம் சொல்ல முடியாது. அவை மாடு போகிற வேகத்தில்தான் போயின. அந்த வேகத்தைத்தான் இவரால் மறக்க முடியவில்லை.

அப்போது நாங்கள் குற்றாலத்தில் இருந்தோம். யுத்த காலம். வெளியூர் முதலாளி ஒருவருடைய சீசன் பங்களாவைப் பார்த்துக்கொள்வது இவர் வேலை. பின்கட்டில் நாங்கள் இரண்டு பேரும் என் மாமியாரும் குடியிருந்தோம். சாரல் காலத்தில் தெருவில் குதிரை வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். சீசன் முடிந்தால் எல்லாம் தென்காசி ரயிலடிக்குப் போய்விடும். பஸ்களும் பெட்ரோல் இல்லாமல் கரியடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு, வந்தால் உண்டு என்று ஓடின. எனக்கு நாள் விழுந்ததோ ஐப்பசியில், அடைமழையில். ஆஸ்பத்திரி தென்காசியில்.

கார் ஷெட்டின் மூலையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் கிடந்தது. முந்தின யுத்தத்துக் காலத்துச் சீமை வண்டி. பங்களாவைக் கட்டிய துரை விட்டுவிட்டுப் போனது. ஆள் உட்கார்ந்து போகப் பக்கத்தில் ஒரு தொட்டி வைத்திருந்தது. குற்றாலத்து ஈரத்தில் இரும்பெல்லாம் துருவேறி, தொட்டியின் மரத்தைக் கறையான் தின்று, சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. முதலாளியிடம் கேட்டதற்கு, "வேணும்னா எடுத்துக்கிடும், எனக்கு இடமாவது மிஞ்சும்" என்று சிரித்துவிட்டார். இவர் மறுநாளே ஸ்பானரோடு உட்கார்ந்துவிட்டார்.

மோட்டார் வேலை இவருக்கு முழுசாகத் தெரியும் என்று சொல்ல மாட்டேன். முதலாளி காரின் டிரைவர் வரும்போதெல்லாம் கூடவே நின்று பார்த்தது, கேட்டது, அவ்வளவுதான். பிடிவாதம் மட்டும் இரண்டு ஆளுக்குப் போதுமான அளவு இருந்தது.

பிரிக்க ஆரம்பித்த அன்றே அத்தை ஷெட் வாசலில் வந்து நின்றார். "ஏலே, வயித்துப் பிள்ளக்காரி இருக்க வீட்டுல ஆணி அடிச்சாலே ஆகாதும்பாங்க. நீ அக்கக்காப் பிரிச்சுப் போடுதியே!"

"பிரிச்சத மறுபடியும் பூட்டிருவேம்மா."

"எப்போ?"

"ஐப்பசிக்கு முன்ன."

அத்தை என் வயிற்றைப் பார்த்தார், தரையில் கிடந்த இரும்புகளைப் பார்த்தார், போய்விட்டார். அன்றிலிருந்து எனக்கு இரண்டு பயம். பிள்ளை பிறக்குமுன் இந்த வண்டியைப் பூட்டி முடிக்க வேண்டுமே என்பது ஒன்று. பூட்டி முடித்தால் அதில் நான் ஏற வேண்டுமே என்பது மற்றொன்று. எந்தப் பயம் பெரியது என்று ஒவ்வொரு நாளும் மாறிக்கொண்டே இருக்கும்.

வண்டி மெல்ல மெல்ல வீட்டுக்குள் வந்துவிட்டது. அரிசி களையும் சட்டியில் போல்ட்டுகள் மண்ணெண்ணெயில் ஊறின. மேக்னெட்டோ என்று ஒன்று. அதிலிருந்துதான் பொறி வருமாம். ஈரம் பட்டால் பொறி செத்துவிடுமாம். குற்றாலத்தில் ஈரம் படாத இடம் எங்கே இருக்கிறது? அடுப்புக்கு மேலே பரணில், புளிப்பானைக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுபோய் வைத்தார். அத்தை புளி எடுக்கப் போய் அதைத் தொட்டு அலறினார். எஞ்சினுக்கு ஊற்ற விளக்கெண்ணெய்தான் நல்லது என்று டிரைவர் சொன்னாராம். என் பிரசவத்துக்கென்று அத்தை ஆட்டி வைத்திருந்த எண்ணெய்ப் புட்டியில் பாதி காணாமல் போனது. "என் மருமவளுக்கு வச்சிருந்தத அந்தச் சனியனுக்கு ஊத்திட்டானே" என்று ஒரு நாள் முழுக்கப் பேசித் தீர்த்தார்.

மக்கிப்போன தொட்டிக்குப் பதிலாக, செங்கோட்டைப் பக்கம் கூடை முடைகிறவர்களிடம் சொல்லி மூங்கிலில் ஒரு பெரிய தொட்டி முடைந்து வாங்கினார். கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் பார்த்தவுடன் எனக்கே சிரிப்பு வந்தது. அத்தைக்கு வரவில்லை. "கூடையில அடுக்கிக் கொண்டு போறதுக்கு அவ என்ன புளியங்குடி எலுமிச்சங்காயாலே?" என்றார்.

எல்லாவற்றிலும் மோசம், பெட்ரோல் வாடைக்கு எனக்கு மசக்கை வந்ததுதான். சாம்பலுக்கும் மாங்காய்க்கும் ஆசைப்பட்டவர்கள் உண்டு. நான் ஷெட்டுக்குள் போய் அந்த டாங்கின் பக்கத்தில் நின்று மூச்சை இழுத்துக்கொண்டு வருவேன். டிரைவர் சீசன் முடிந்து போகும்போது மண்ணெண்ணெய் டின்னில் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். யுத்தத்தில் அதற்கு மேல் யாரிடமும் கேட்க முடியாது. அந்தக் கொஞ்சத்தைத்தான் இவர் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். டாங்குக்கு அடியில் சின்னக் குழாய் ஒன்று உண்டு. திறந்து வைத்தால் தேய்ந்துபோன கார்புரேட்டர் வழியாகச் சொட்டிச் சொட்டி எல்லாம் போய்விடும். அதனால் தினமும் விளக்கேற்றுகிற நேரத்தில் போய் அந்தக் குழாயை இறுக்கிப் பார்த்துவிட்டு வருவார். அத்தையும் அடுப்படியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் வண்டி ஓடியது. உதைத்து உதைத்துக் கால் வீங்கி, நான் "போதும், விடுங்க" என்று சொல்ல வாயெடுத்தபோது, குபுகுபுவென்று புகையைக் கக்கிக்கொண்டு உயிர் வந்தது. ஷெட் முழுக்க விளக்கெண்ணெய் கருகுகிற வாடை. வயிற்றுக்குள் பிள்ளை துள்ளியது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். இவர் தெருமுனை வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தார். அந்த முகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

அதற்கப்புறம்தான் கூடைத்தொட்டியை வண்டியோடு பூட்டினார். பூட்டி, கறுப்புப் பெயின்ட் அடித்து முடித்த பிறகு சட்டியில் ஒரு நட்டு மிஞ்சிக் கிடந்தது.

"இது எங்க உள்ளது?" என்று கேட்டேன்.

"பழைய வண்டியப் பிரிச்சுக் கூட்டினா ஒண்ணு ரெண்டு மிஞ்சத்தான் செய்யும். குறைஞ்சாத்தான் கவலப்படணும்."

"மிஞ்சுதுன்னா எங்கயோ குறையுதுன்னுதான அர்த்தம்?"

இவர் பெயின்ட் டப்பாவை மூடி வைத்தார். தொட்டியோடு ஒரு தடவை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். இருக்கிற பெட்ரோலை உனக்காக வைத்திருக்கிறேன், வேடிக்கைக்குச் செலவழிக்கவா என்றார். எனக்குக் கோபம் வந்தது. அந்த நட்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். குளிக்கும்போது அவிழ்த்து, சேலை மாற்றியதும் மறுபடி முடிவேன். சோறு போடும்போது, "இடம் தெரிஞ்சுதா?" என்று கேட்பேன். "உனக்கு வேற வேலையில்லையா" என்பார். படுத்தால் அந்த நட்டு விலாவில் குத்தும். பயம் என்பது உருண்டு திரண்டு கையில் பிடிக்கிற மாதிரி ஒரு பொருளாக இருந்தது அப்போதுதான்.

வலி ஒரு காலையில் வந்தது. மழை இருட்டிக்கொண்டு பெய்தது. இவர் மருத்துவச்சியைக் கூட்டிவர இலஞ்சிக்கு ஓடினார். வண்டியை எடுக்கவில்லை. அதற்குள் இருக்கிற பெட்ரோல் எனக்கு.

இவர் போனதும் அத்தை வீட்டைத் திறக்க ஆரம்பித்தார். பிள்ளை பிறக்கிற வீட்டில் எதுவும் பூட்டியோ மூடியோ முடிந்தோ இருக்கக் கூடாது. அப்போதுதான் பிள்ளைக்கு வழி திறக்கும். இது எங்கள் பக்கத்து வழக்கம். கதவு, ஜன்னல், டிரங்குப் பெட்டி, அஞ்சறைப் பெட்டி, உப்புப் பானை, எண்ணெய்ப் புட்டி எல்லாவற்றையும் திறந்தார். என் தலைமுடியை அவிழ்த்துவிட்டார். முந்தானை முடிச்சை அவிழ்த்தபோது நட்டு விழுந்து உருண்டது.

அத்தை அதை எடுத்துப் பார்த்தார். "இது அந்த வண்டியில உள்ளதுல்லா?"

எனக்கு வலியில் பேச வரவில்லை. தலையை ஆட்டினேன். நட்டை விளக்கு மாடத்தில் வைத்தார். ஒரு நிமிஷம் யோசித்தார். "அதுவும் இந்த வீட்டுலதான கெடக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஷெட் பக்கம் போனார்.

கொஞ்ச நேரத்தில் வாடை வந்தது. மாதக்கணக்காக அந்த வாடைக்கு அலைந்தவள் நான். எனக்குத் தெரியாமல் போகுமா? "பெட்ரோல், பெட்ரோல்" என்று கத்தினேன். "வலியில பெனாத்துதா" என்று அத்தை என் நெற்றியைத் துடைத்துவிட்டார். நானே எழுந்துபோய் அந்தக் குழாயை மூட வேண்டும் என்று கையை ஊன்றினேன். இடுப்பு எழவில்லை.

மருத்துவச்சி வந்து பார்த்தார். கையை எடுக்கும்போதே அவர் முகம் மாறிவிட்டது. "கால் தட்டுப்படுது. என்னால ஆகாது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போயிருங்க."

அதே கால். முதல் பிள்ளைக்கும் மருத்துவச்சி சொன்ன அதே வார்த்தை. திருவேங்கடத்து வண்டிப்பாதை அப்படியே கண்முன் வந்தது. இவர் என்னைத் தூக்கிக் கொண்டுபோய்க் கூடைத்தொட்டியில் உட்கார வைத்தார். உதைத்தார். திரும்பத் திரும்ப உதைத்தார். பிறகுதான் குனிந்து பார்த்தார். குழாய் திறந்திருந்தது. டாங்கின் மூடியும் திறந்திருந்தது. கீழே ஈரமண் எல்லாவற்றையும் குடித்துவிட்டிருந்தது.

"யாரு தொறந்தது?"

"நாந்தாம்லே" என்றார் அத்தை. "பிள்ள பெறுத வீட்டுல மூடிக் கெடக்கலாமா?"

இவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "கெடுத்தியேம்மா" என்று மட்டும் சொன்னார். அத்தைக்கு அப்போதுதான் விளங்கியது. வாயில் சேலையை வைத்துக்கொண்டார்.

எதிர்ச்சாவடியில் அருவிக்கரை எண்ணெய் தேய்ப்புக்காரர்கள் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தார்கள். சீசன் இல்லாத காலத்தில் அவர்களுக்கு ஏது வேலை? என் அலறல் கேட்டு வந்து நின்றார்கள். விஷயத்தைக் கேட்டதும் பெரியவர், "அண்ணாச்சி, நீங்க ஹேண்டிலப் பிடிங்க. நாங்க தள்ளுதோம்" என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

இத்தனை பாடுபட்டுப் பூட்டிய மோட்டார் வண்டி, சத்தமே இல்லாமல், மனிதர்கள் தள்ள, தென்காசிக்குப் போனது. அத்தை தாழங்குடையை என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தார். குடை என் மேல் இருந்தது, அத்தை நனைந்தார். "பிள்ளைய விட்டுராத, விட்டுராத" என்று சொல்லிக்கொண்டே வந்தார். என்னிடம் சொன்னாரா சாமியிடமா என்று தெரியவில்லை. இலஞ்சி வளைவில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கூடை வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. எண்ணெய் தேய்ப்புக்காரர்களில் இளையவர் ஓடி வந்து தோளைக் கொடுத்து நிமிர்த்திப் பிடித்தார். ஆஸ்பத்திரி வாசல் வரை அந்தத் தோளை எடுக்கவில்லை.

லேடி டாக்டர் என்னவெல்லாமோ செய்தார். நான் சாவுக்குத் தயாராகத்தான் இருந்தேன், பிள்ளை அழுகிற சத்தம் மட்டும் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. கேட்டது. பெண் பிள்ளை.

வீட்டுக்கு வந்தபின் அத்தையும் இவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அத்தை பிள்ளையைக் குளிப்பாட்டுவார், சாம்பிராணி போடுவார். மகன் உள்ளே வந்தால் பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார். தான் கொல்லப் பார்த்த பிள்ளை என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ. ஆறுதல் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. எனக்கும் உள்ளே கொஞ்சம் கோபம் இருந்தது.

தை பிறந்த பிறகு ஒரு நாள், வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த இவர் என்னைக் கூப்பிட்டார். குரலே சரியில்லை. கூடைத்தொட்டியை வண்டியோடு சேர்க்கிற அடிக்கம்பியைக் காட்டினார். ஒரு போல்ட் பாதி வெளியே நழுவி நின்றது. துருவும் கறுப்புப் பெயின்ட்டும்தான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. அதன் முனையில் நட்டு இல்லை.

நான் போய் விளக்கு மாடத்திலிருந்து நட்டை எடுத்து வந்து கொடுத்தேன். போட்டுத் திருகினார். அதற்கென்றே செய்தது போல ஏறியது. இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். எஞ்சின் ஓட, அந்த வளைவில் மோட்டார் வேகத்தில் போயிருந்தால், கூடை தனி, வண்டி தனி. உள்ளே நாங்கள் இரண்டு பேர். பிரசவத்தன்று வராத பயம் எனக்கு அப்போது வந்தது.

இவர் நேராக அடுப்படிக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். அத்தை பிள்ளையை வைத்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல எழப் போனவரை, "இரும்மா" என்று நிறுத்தினார். எல்லாவற்றையும் சொன்னார். "நீ தொறந்துவிட்டதுனாலதாம்மா ரெண்டு பேரும் பொழச்சாங்க. நான் உன்னைப் போயி..." என்றார்.

அத்தை சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். நான் அப்பவே சொன்னேனே என்று ஆரம்பிப்பார் என்றுகூட நினைத்தேன். அத்தை பிள்ளையை என் கையில் கொடுத்தார். எழுந்தார். மீசை முளைத்த மகனைக் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை அறைந்தார்.

"ஆணி இல்லாத கூடையிலயாலே என் மருமவள ஏத்தின? அவ நெதமும் கேட்டாளே, காதுல விழலயா உனக்கு?"

நான் தடுக்கவில்லை. என் பங்குக்கும் சேர்த்துத்தான் அந்த அடி என்று தோன்றியது. இவர் கன்னத்தைத் தொடக்கூட இல்லை, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அத்தை அங்கேயே உட்கார்ந்து அழுதார், அந்த மழை நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை. பிள்ளையும் சேர்ந்து அழ ஆரம்பித்தது.

முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டவர் அத்தைதான். பிள்ளையை என்னிடமிருந்து வாங்கி, மகன் பக்கம் நீட்டப் போனவர், இவருடைய கறுப்பு அப்பிய கையைப் பார்த்துவிட்டுத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

"போ, கையக் கழுவிட்டு வா" என்றார். "வந்து பிள்ளைய வாங்கிக்க."